அண்ணனின் முன்னூற்றுப் பன்னிரண்டு எருமைகள்

என் அண்ணன் வேம்புலி தானாக இயங்கும் எதையும் நம்ப மாட்டார். திருமழிசை தொழிற்பேட்டையில், பற்சக்கரங்களைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தும் ஒரு பட்டறையில் இருபத்தாறு வருடமாக உலை பார்க்கிறார். நானும் அங்கேதான், பேக்கிங்கில். ஒரு தடவை உலையை ஆட்டோவில் விட்டுவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வருவதற்குள் நாற்பது தட்டு சக்கரம் பாழாகிவிட்டது. அன்றிலிருந்து அண்ணனுக்கு எல்லாமே மேனுவல்தான். அரை மணிக்கு ஒரு தரம் சூட்டைப் பார்த்து நோட்டில் எழுதுவார். வீட்டில் ஃபேனை ஒரு நம்பர் கூட்டினால்கூட எழுதி வைப்பாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அப்படிப்பட்டவர் போன ஆடி மாதம் ஒரு பழைய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பாரிவாக்கத்தில் எங்கள் தெருவுக்குள் வந்தார்.

"இன்னாண்ணா இது? போன்ல எடுத்தா ஆவாதா?" என்றேன்.

"போனு அதுவா முடிவு பண்ணுது டில்லிபாபு. நான் முடிவு பண்ணணும்."

எதற்கு என்று என்னிடம் மட்டும் சொன்னார். எல்லாம் அண்ணி நாகவல்லிக்காக. அண்ணி நல்ல கறுப்பு. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த கல்யாணத்தில், வீடியோ லைட் பிடித்தவர் மாப்பிள்ளை பக்கமே நின்றுவிட்டார். படத்தில் அண்ணன் பளிச்சென்று இருக்கிறார். அண்ணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மாலையும் ஒரு மூக்குத்தியும்தான் இருக்கின்றன. அந்தப் படம் இன்றைக்கும் கூடத்தில் தொங்குகிறது. "மாப்ள தனியா நின்னுகினு கீறாரே, பொண்ணு எங்க?" என்று முதலில் கேட்டவன் நான்தான். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தார்களே என்று, அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த ஒவ்வொரு விருந்தாளி முன்னாலும் அதையே கேட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

மகள் ஜோதிகாவின் காதுகுத்துக்கு வந்த படக்காரர் வேறு மாதிரி. அவர் கம்ப்யூட்டரில் அண்ணிக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். ஆல்பத்தைப் புரட்டிய அண்ணி, "இந்தம்மா யாரு?" என்று கேட்டுவிட்டு மூடி வைத்தார். அதற்கப்புறம் எந்த விசேஷத்தில் படம் எடுக்க ஆரம்பித்தாலும் அண்ணி சாம்பாரைப் பார்க்கப் போய்விடுவார். இப்போது ஜோதிகாவுக்குத் தை மாதம் நிச்சயதார்த்தம். "நீங்க மேடையில நில்லுங்க, நான் சாம்பாரைப் பாத்துக்கறேன்" என்று அண்ணி சொல்ல, பெண் அழுதாள். தாய் இல்லாமல் எடுக்கிற நிச்சயதார்த்தப் படத்தை யார் வைத்துக்கொள்வார்கள்? மறு வாரமே அண்ணன் கேமரா வாங்கிவிட்டார்.

ஆட்டோவில் வைத்தால் கேமராவுக்கு உலகமே சாம்பல் நிறமாக இருக்க வேண்டும், அதுதான் அதன் கோளாறு என்று பத்தே நாளில் கண்டுபிடித்தார். கறுப்பைக் கிட்டத்தில் காட்டினால் வெளுப்பாக்கும். பின்னால் வெயில் அடித்தால் முகத்தைக் கரியாக்கும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும், லென்ஸ் எவ்வளவு விரிய வேண்டும், கிடைத்த வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்கிற ஐஎஸ்ஓ எவ்வளவு என்று மூன்றையும் நாமே வைக்க வேண்டும். வைத்துப் பழக ஒரு கறுப்பு வேண்டும். ஏரிக்கரையில் செங்கல்வராயனின் எருமை நின்றது.

தினமும் ஷிப்ட் முடிந்ததும் அண்ணன் எருமைக்கு முன்னால் போய் உட்காருவார். ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் ஒரு வரி. 'ஷட்டர் 1/250, லென்ஸ் 5.6, ஐஎஸ்ஓ 200. எருமை கரி.' 'ஷட்டர் 1/60. எருமை சாம்பல்.' ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த செங்கல்வராயன், படம் எடுத்ததிலிருந்து கறவை குறைகிறது, கண் பட்டுவிட்டது என்று சண்டைக்கு வந்தார். தினமும் கடைசியில் எருமைக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட வேண்டும் என்று பேசி முடித்தோம். மறுநாளிலிருந்து நோட்டில் அதுவும் ஏறியது. 'ஷட்டர் 1/125. எருமை கொஞ்சம் தெரிகிறது. எலுமிச்சை ஒன்று.'

அந்த நோட்டு ஒரு நாள் அண்ணி கையில் சிக்கியது. ஜோதிகா நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, "உன்ன எடுக்கத்தாம்மா அப்பா பழகுது" என்று சொல்லிவிட்டாள்.

அண்ணி நோட்டை மூடினார். "என்ன எடுக்கறதுக்கு எருமைய வச்சி பழகினியா?"

இந்த இடத்தில் எந்த ஆண்பிள்ளையும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான். அண்ணன் யோசித்து உண்மையைச் சொன்னார். "வேற எதுவும் அவ்ளோ நேரம் ஆடாம நிக்கல."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என் மூஞ்சிக்கு நேரா அந்த கேமராவ தூக்கின, ஏரில போட்டுடுவேன்" என்றார் அண்ணி. நான்கு நாள் பேச்சு இல்லை. சோறு மட்டும் வந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் அண்ணி வேலையிலிருந்து வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து கொண்டைக்கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழுந்தது. அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணன் ஒரே ஒரு படம் எடுத்தார். தெருவுக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"படத்துல வந்துட்டா, பாபு" என்றார். "இத பாத்தா மேடைக்கு வருவா." எனக்குக் காட்டவில்லை. முதலில் பார்க்க வேண்டியவள் அவள்தான் என்றார். பூஜை முடிந்து மனசு குளிர்ந்திருக்கும்போது காட்டலாம் என்று வைத்திருந்தார்.

பூஜை அன்று அண்ணன் ஒன்றையும் விடவில்லை. சைக்கிள், ஸ்பானர், மிக்ஸி, தண்ணீர் மோட்டார், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கேமராவுக்கு வைத்தார், லென்ஸ் மூடிக்கு வைத்தார், பேட்டரிக்கு வைத்தார். கடைசியில் மெமரி கார்டை வெளியே எடுத்தார். வேலை செய்கிற சாமானில் சின்னது பெரியது பார்க்கக் கூடாதாம். கார்டில் எது முகம், எது முதுகு என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் ஸ்டிக்கர், மறு பக்கம் தங்கப் பட்டைகள். தங்கம் இருக்கிற பக்கம்தான் முகம் என்று முடிவு செய்து, அதில் தாராளமாகச் சந்தனத்தைக் குழைத்து வைத்தார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சந்தனத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, கார்டைச் செருகி ஆன் செய்தார். கார்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யவா என்று திரை கேட்டது.

"ஓகே அமுக்குண்ணா. மிஷினே கேக்குதில்ல" என்றேன்.

அண்ணனின் விரல் பொத்தான் வரைக்கும் போய்விட்டு நின்றது. "அதுவா கேக்கறத நம்பக் கூடாது" என்றார். அவருடைய பைத்தியக்காரத்தனம்தான் அன்றைக்குக் காப்பாற்றியது, என் அறிவு இல்லை.

பூந்தமல்லியில் செல்போன் கடை வைத்திருக்கிற ஸ்ரீகாந்திடம் கொண்டுபோனோம். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார், வரவில்லை. "ஃபார்மேட் பண்ணா கார்டு பொழச்சிக்கலாம் சார். உள்ள கீற படம் போய்டும். எப்டி ஆச்சி?"

சந்தனம் வைத்ததைச் சொல்ல அண்ணனுக்கு வெட்கம். "தானா ஆயிடிச்சி" என்றார். எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய்.

தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் போடுவார்களே, கார்டையும் போடலாம் என்று நான் யோசனை சொன்னேன். போட்டோம். செங்கல்வராயன் செய்தி கேள்விப்பட்டு, "இது எருமையோட கண்ணு. அது உங்களப் பாத்துகினுதான கீது" என்று சொல்லி, எலுமிச்சம்பழத்தோடு வந்து கேமராவுக்குச் சுற்றிப் போட்டுவிட்டுப் போனார். மூன்று நாள் அண்ணன் அரை மணிக்கு ஒரு தரம் அரிசி டின்னைத் திறந்து பார்த்தார். அந்தப் படம் மறுபடி கிடைக்காது, அண்ணி இனி ஜன்னல் பக்கமே உட்கார மாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

நாலாம் நாள் அண்ணி அரிசி அளந்தபோது ஆழாக்கில் கார்டு வந்தது. கூடத்துக்கு எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்தார். பட்டைகளுக்கு நடுவே நகத்தால் கீறி மோந்து பார்த்தார்.

"சந்தனம்."

நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

அண்ணிக்கு வானகரம் பக்கம் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு சோதிக்கிற வேலை. பதினோரு வருடமாக இந்த மாதிரிப் பட்டைகளைத்தான் துடைக்கிறார். பூந்தமல்லி வரைக்கும் போன எங்களுக்கு அடுப்படி வரைக்கும் போகத் தோன்றவில்லை.

"இதுல இன்னா கீது?" என்றார்.

"எருமை" என்றார் அண்ணன். அது இரண்டாவது பொய், பாதிப் பொய்.

"எருமைக்கோசரம் நான் தொடைக்கணுமா?" என்றார். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. "கான்டாக்ட் பட்டை அழுக்கா இருந்தா எனக்குத் தூக்கம் வராது." ஜோதிகாவின் பென்சில் ரப்பரை எடுத்து, ஒவ்வொரு பட்டையாக மெதுவாகத் தேய்த்தார். காய்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷால் தூளைத் தட்டினார். தானே கேமராவில் செருகி, தானே ஆன் செய்தார்.

முதல் எருமை வந்தது.

கேமராவை வாங்க அண்ணன் கையை நீட்டினார், அண்ணி கொடுக்கவில்லை. செய்த வேலையைக் கடைசிவரை சோதித்துவிட்டுத்தான் விடுவார். ஒவ்வொன்றாகத் தள்ளினார். கரி எருமை, சாம்பல் எருமை, கரி எருமை. நூறு தாண்டியது. இருநூறு தாண்டியது. மெதுவாக எருமைக்குக் கண் வந்தது. கழுத்து மடிப்பு வந்தது. முதுகில் ஒட்டிய சேறு காய்ந்து வெடித்திருப்பது தெரிந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டாவதில் ஈர மூக்கு பளபளத்தது.

"இது நல்லாத்தான் கீது" என்றார் அண்ணி. அடுத்ததைத் தள்ளினார்.

அப்புறம் அவர் தள்ளவில்லை. நான் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரம் ஒரு பெண் கடலையில் கல் பொறுக்குகிறாள். கன்னத்தின் வளைவு, புருவத்துக்கு மேல் ஒரு வியர்வைத் துளி, உதட்டுக்குப் பக்கத்தில் ஒரு மச்சம். நான் இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் சாப்பிடுகிறேன். அந்த மச்சத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அண்ணி திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்போ கல்யாணத்தன்னிக்கு இன்னும் நல்லா இருந்திருப்பேன்."

அண்ணி என்னைத்தான் பார்த்தார்.

"ஆமா அண்ணி. நல்லாத்தான் இருந்தீங்க" என்றேன்.

"மேடைக்கு வரேன்" என்றார் அண்ணனிடம். "இத்த பெருசா பிரிண்ட் போட்டுக் குடு."

படம் வந்ததும், பழைய கல்யாணப் படத்தைக் கழற்ற நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். அண்ணி வேண்டாம் என்றார். அது அங்கேயே இருக்கட்டும், பக்கத்தில் இதை மாட்டு, வருகிறவர்கள் இரண்டையும் பார்க்கட்டும் என்றார். சுத்தியலை என் கையில் கொடுத்தார். ஆணியை நான்தான் அடித்தேன்.