மூன்று ராத்தல் பயணம்

மூன்று நாள் பயணத்துக்கு ஒரே ஒரு வேட்டியோடு போனவன் நான். அதுவும் பையில் இல்லை, இடுப்பில். வெளியூர்க்காரன் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் தென்காசியில் பிறந்தவன், போனது குற்றாலத்துக்கு, மாதம் ஆடி.

ஐம்பதுகளின் கடைசி அது. பட்டம் வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் வேலை கிடைக்கவில்லை. “எங்கயாவது எழுதிப் போட்டியா?” என்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, ஒரு கட்டத்தில் கேட்பதையே நிறுத்திவிட்டார். பிறகு பேச்சும் நின்றது. திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும். அந்தச் சமயத்தில்தான் செங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. சனிக்கிழமையே குற்றாலத்துக்கு நடந்து போய், இரண்டு நாள் அருவியில் குளித்துத் தலையைத் தெளிவாக்கிக்கொண்டு, அங்கிருந்தே செங்கோட்டைக்குப் போவதாகத் தீர்மானித்தேன்.

எனக்கு அப்போது எளிமைப் பைத்தியம் பிடித்திருந்தது. மனிதனுக்கு எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகிறது என்பதை அறுநூறு பக்கங்களில் விளக்கும் புத்தகம் ஒன்றை நூலகத்தில் எடுத்திருந்தேன். அதன்படி மூட்டை கட்டினேன். சோப்பை நூலால் அறுத்துப் பாதியை எடுத்துக்கொண்டேன். மருந்துச் சீசாவில் இரண்டு குளியலுக்கு எண்ணெய். சீப்பு வேண்டாம், விரல் இருக்கிறது. ஒரு துண்டு. நேர்காணலுக்கென்று ஒரு சட்டை. அதையும் சான்றிதழ்களையும் மெழுகுத்தாளில் சுற்றினேன். இரண்டாவது வேட்டியை எடுத்து வைத்தேன், மறுபடி வெளியே எடுத்தேன். புத்தகத்துக்கு இடம் வேண்டியிருந்தது.

பலசரக்குக் கடையில் நிறுத்துப் பார்த்தேன். மூன்று ராத்தல். அதில் ஒன்றரை ராத்தல் புத்தகம். கடைக்காரர் தராசைப் பார்த்தபடியே, “விக்கதுக்கா, எடைக்குப் போடுததுக்கா?” என்றார்.

குற்றாலத்தில் சீசன்காரர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விடும் ஒரு வீட்டில் கடைசி அறை கிடைத்தது. பக்கத்து அறைக்குக் கடையநல்லூரிலிருந்து ஒரு தறிக்காரர் மனைவியோடு வந்து இறங்கினார். மாட்டு வண்டி நிறையச் சாமான். பாய்ச்சுருள், தகரப்பெட்டி, செம்புச்சட்டி, கரியடுப்பு, இஸ்திரிப்பெட்டி, மூன்று குடை. “அம்மியைக் காணமே அண்ணாச்சி” என்றேன், கிண்டலாகத்தான். “அடுத்த வண்டில வருது” என்றார். வந்தது.

அவர் என் பையைப் பார்த்தார்.

“சாமான் பின்னால வருதா, தம்பி?”

“இவ்வளவுதான் அண்ணாச்சி.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “வீட்டுல கோவிச்சிட்டு வந்துட்டீயளோ?”

எளிமையைப் பற்றி அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சாப்பாட்டுக்கு என்ன செய்தீய?” என்றார். அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. இரண்டு நாளும் அவர்கள் வீட்டுச் சோறுதான் சாப்பிட்டேன்.

நடந்து வந்ததில் வேட்டியெல்லாம் செம்மண். அன்று சாயங்காலமே துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டி ஈரமாக இருந்தது. மத்தியானம் ஈரமாக இருந்தது. துண்டோடு மலைமேல் செண்பகாதேவி அருவி வரை ஏறி இறங்கி வந்து பார்த்தேன். முந்தைய நாளைவிடச் சற்றுக் கூடுதலாக ஈரமாக இருந்தது. சாரல் பிடித்துவிட்டால் எங்கள் பக்கத்தில் துணி காயாது. எங்கள் வீட்டில் ஆடி மாதம் அம்மா அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, புகையில் துணிகளைப் புரட்டிப் புரட்டிப் போடுவாள். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கயிற்றுக்குக் கீழே குனிந்து போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். ஆனாலும் துணி தானாகவே காய்கிறது என்றுதான் என் மனசுக்குள் இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை விடிந்ததும் வேட்டியைப் பிடித்து வாயால் ஊதிக்கொண்டிருந்தேன். தறிக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இன்னைக்கு எங்கன போகணும்?”

“செங்கோட்டைக்கு அண்ணாச்சி. வேலைக்கு இண்டர்வியூ.”

“துண்டோடயா?”

உள்ளே போய் இஸ்திரிப்பெட்டியில் கங்கு போட்டுக் கொண்டுவந்தார். தேய்க்கப் போனவரைத் தடுத்து, என் வேலையை நானே செய்துகொள்வதுதான் முறை என்றேன். அதுவும் புத்தகத்தில் இருந்ததுதான். சான்றிதழ்கள் சரியாக இருக்கின்றனவா என்று ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தேன். கருகல் வாசனை வந்தது. வேட்டியின் நடுவில், இஸ்திரிப்பெட்டியின் அச்சு பிசகாமல் ஒரு ஓட்டை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேட்டிக்காக அல்ல. இன்னும் ஒரு வருஷம் அப்பா பேசாமல் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்து.

உள்ளேயிருந்து அந்த அம்மாளின் குரல் கேட்டது. “அந்தப் பிள்ள ரெண்டு நாளா துண்டோடயே திரியுது. அந்தப் பெட்டில கெடக்கதை எடுத்துக் குடுங்களேன்.”

தகரப்பெட்டியிலிருந்து ஒரு கைத்தறி வேட்டி வந்தது. காய்ந்த வேட்டி. அதைத் தொட்டபோது ஏற்பட்ட சந்தோஷத்தை அதற்குப் பிறகு எந்தப் பட்டுத்துணியும் எனக்குத் தரவில்லை. இலேசாகக் கிராம்பு மணத்தது. பூச்சி வராமல் பெட்டியில் கிராம்பு போட்டு வைப்பார்கள் போலிருக்கிறது, என்ன நாகரிகம் என்று வியந்துகொண்டே கட்டிக்கொண்டேன். பஸ் ஏற்றிவிட ஒரு குடையோடு அவரும் வந்தார்.

பள்ளிக்கூட நிர்வாகி கதர்க்காரர். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கைத்தறியா?”

“ஆமாங்க. கடையநல்லூர்.”

அவர் முகம் மலர்ந்தது. பக்கத்திலிருந்த தலைமையாசிரியர் மட்டும் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டு வாசலைப் பார்த்தார். பாடத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. வேலை கிடைத்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். “சாப்பிட்டியா?” என்று கேட்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கேட்ட முதல் கேள்வி. சாப்பிட்டிருந்தும் இல்லை என்று சொல்லி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி சாப்பிட்டேன்.

என் எளிமை அன்றைக்குப் பிழைத்தது ஒரு வண்டிச் சாமானின் தயவில். இப்போதெல்லாம் எங்கே போனாலும் நான்கு வேட்டி எடுத்துக்கொள்கிறேன். யாராவது கேட்டால் கொடுக்கலாமே என்றுதான். இன்றுவரை யாரும் கேட்கவில்லை. உலகத்தில் விவரமானவர்கள் பெருகிவிட்டார்கள்.

வேலை கிடைத்த அடுத்த மாதமே அந்த வேட்டியை வெளுத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கடையநல்லூருக்கு எடுத்துப் போனேன். அதனால்தான் வேலை கிடைத்தது, இந்த உதவியைச் சாகும்வரை மறக்க மாட்டேன் என்று, பஸ்ஸில் யோசித்துவைத்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். தறிக்காரர் கூச்சத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி வேட்டியை வாங்கி, விரித்து, ஓரத்தில் நெசவு பிசகியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“கறிமசாலா கட்டிக் கொண்டுபோன துணில்லா இது” என்றார். “இதுக்கா தம்பி கஞ்சி போட்டீய?”