தீதி பொறுக்கிச் சேர்த்த கரி

கல்கத்தா பாலிகஞ்சில் ஒரு கல்லூரியின் தொல்லியல் துறையில் நான் ஆபீஸ் அசிஸ்டெண்டாக இருந்தேன். டைப் அடிப்பது, பில் எழுதுவது எல்லாம் ஊரில் இருக்கும்போது. குளிர்காலத்தில் அகழாய்வுக்குக் கிளம்பினால் கூடாரம் போடுவது, அரிசி பருப்பு வாங்குவது, சமையலுக்கு ஆள் பிடிப்பது என்று முகாமே என் தலையில்தான். அப்பா கரக்பூர் ரயில்வேக்காரர். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மீதியெல்லாம் காதால் படித்தது. நாலு பேர் பேசுகிற இடத்தில் என்னை நிறுத்திவிட்டால் போதும், சாப்பாடு கூட வேண்டாம். பேச்செல்லாம் வங்காள மொழியில்தான் நடந்தது. என் காதில் தமிழாக விழுந்தபடி இங்கே எழுதுகிறேன்.

தீதி, அக்கா, என்று நாங்கள் எல்லோரும் கூப்பிட்டது அகழாய்வை நடத்திய பேராசிரியையை. அந்த வருஷம் அவருக்கு ரிடையர்மெண்ட். பாங்குரா பக்கம் ஓர் ஆற்றங்கரையில் கடைசியாக ஒரு குழி தோண்டினோம். அடியில் சின்னச் சின்னக் கல் கத்திகள். அவற்றுக்கு நடுவே மூன்று கல் வைத்த அடுப்பு. உள்ளே கரி.

கூலிக்கு மண் அள்ளிய உள்ளூர்ப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "சோறு வடிச்சதும் அப்படியே எந்திரிச்சுப் போயிருக்காளே, கரியை அள்ளிப் போட வேணாமா?" என்றாள். தீதி குழிக்குள் உட்கார்ந்தபடியே சிரித்தார். "நல்லவேளை சோம்பேறி. இல்லேன்னா நமக்கு என்ன கிடைச்சிருக்கும்?"

அந்தக் கரிக்காகத்தான் தீதி பல வருஷமாகக் காத்திருந்தார். அந்தக் கல் கத்தி ஜனங்கள் இரும்பையே பார்க்காதவர்கள், அவ்வளவு பழையவர்கள் என்பது அவர் கட்சி. துறையின் மூத்த ஸார் ஒப்புக்கொள்ளவில்லை. "இரும்பு வந்த பிறகும் இல்லாதவன் கல்லைத்தான் வச்சிருப்பான். கல்லைப் பார்த்து வயசு சொல்றது ஜோசியம்" என்பார். ஆக, கரிதான் சாட்சி.

மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து ஒருவகைக் கரிமத்தை எடுத்துக்கொண்டே இருக்குமாம். வெட்டுப்பட்டதும் வரத்து நின்றுவிடும், இருப்பு கரைய ஆரம்பிக்கும். மிச்சத்தை அளந்தால் மரம் எப்போது செத்தது என்று சொல்லலாம். தீதி எனக்கு டீக்கடையில் வைத்துப் புரிய வைத்தார்: "இந்த டீ எவ்வளவு ஆறியிருக்குன்னு தொட்டுப் பார்த்தா எப்ப போட்டதுன்னு தெரியுமில்ல? அதுபோலத்தான். நடுவுல எவனாவது சூடா ரெண்டு சொட்டு ஊத்தினா கணக்கு போச்சு."

அந்த இரண்டு சொட்டு விழாமல் இருக்க அவர் பட்ட பாடு! கையால் தொடக் கூடாது, இடுக்கிதான். காகிதம் கூடாது, பஞ்சு கூடாது, அலுமினியத் தாள்தான். குழிப் பக்கம் பீடி பற்ற வைத்த ஒருவரை அவர் விரட்டிய விரட்டில் அந்த ஆள் ஆற்றைத் தாண்டிப் போய்த்தான் புகைத்தார்.

கல்கத்தாவுக்குத் திரும்பியதும் ஈரம் காய்வதற்காகக் கரியை ஒரு எவர்சில்வர் தட்டில் பரப்பித் துறையிலேயே நிழலில் வைத்திருந்தார். மறுநாள் சரஸ்வதி பூஜை; வங்காளத்தில் அது நவராத்திரியில் இல்லை, குளிர்காலத்தில் வரும். இங்கே அன்றைக்கு யாரும் புத்தகத்தைத் தொடக் கூடாது. அவரவர் படிப்பு எதுவோ அதைக் கொண்டுபோய்த் தேவியின் காலடியில் வைத்துவிட வேண்டும். எங்கள் துறையில் புத்தகத்தோடு கரணை, தூரிகை, அளவு நாடா எல்லாம் வரிசை கட்டி உட்காரும். பிள்ளைகள் தீதியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தீதி, கரி மட்டும் பூஜைக்கு வராதா? அதுக்கென்ன தீட்டா?"

தீதி பெரிய பக்தை ஒன்றும் இல்லை. ஆனால் அது அவருடைய கடைசி பூஜை. "சரி, ஒரு ராத்திரி அவகிட்ட இருக்கட்டும். என்னைவிடப் பத்திரமாப் பார்த்துப்பா" என்று தட்டை அவரே தூக்கி வந்து, மேலே அலுமினியத் தாளால் மூடி வைத்தார்.

சாயங்காலம் ஆரத்தி. துனுச்சி என்கிற மண் தூபக்காலில் வழக்கமாகத் தேங்காய் நார் போட்டுக் குங்கிலியம் தூவுவார்கள். நார் தீர்ந்து போனது. தேங்காய் உருண்டை பிடித்த பிறகு கிடந்த கொட்டாங்கச்சிகளைப் போட்டுப் பற்ற வைத்தார்கள். பிள்ளைகள் துனுச்சியைக் கையில் ஏந்தி ஆடினார்கள். தாளம் நன்றாகத்தான் இருந்தது. நானும் கைதட்டினேன்.

மறுநாள் காலை தீதிதான் முதலில் உள்ளே போனார். "ஐயோ" என்று ஒரு சத்தம். ஓடினேன். தட்டின் மேல் தாள் விலகியிருந்தது. சுற்றிலும் ஆல்பனா, அதாவது தரையில் போட்ட மாக்கோலம். அந்த வெள்ளைக் கோலத்தின் மேல் கறுப்புக் கறுப்பாகத் துண்டுகள்.

"கொட்டிட்டாங்க தாதா! என் அடுப்பைக் கொட்டிட்டாங்க!"

என்னை தாதா, அண்ணன், என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெருக்க வந்தவரை வாசலிலேயே நிறுத்தினோம். தீதி மண்டியிட்டு, இடுக்கியால் ஒவ்வொரு துண்டாக எடுத்து, ஒட்டியிருந்த மாவைத் தூரிகையால் தட்டித் தட்டில் சேர்த்தார். நாங்கள் தவழ்ந்து தேடிக் காட்டினோம். "இங்க ஒண்ணு தீதி!" "நாற்காலிக்கு அடியில ஒண்ணு!" தயிர் அவல் பிரசாதம் ஒருபக்கம் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு துணுக்கைக்கூட விட்டுவிடவில்லை என்று உறுதியான பிறகுதான் சாப்பிட்டோம். அன்றைக்கு எங்களுக்கு எவ்வளவு பெருமை!

மரம் எதுவென்று பார்ப்பதற்காக, நல்ல கெட்டியான இரண்டு துண்டுகளைத் தீதி ஒரு குப்பியில் தனியாக வைத்துக்கொண்டார். மீதி முழுவதும் பரிசோதனைச் சாலைக்குப் போனது. அங்கே பழைய முறை, கைநிறையக் கரி வேண்டும், மொத்தத்தையும் எரித்துத்தான் அளப்பார்கள். பொடியளவு போதும் என்கிற மெஷினுக்கு அனுப்ப எங்கள் துறைக்கு வசதி இல்லை.

முடிவு மழைக்காலத்தில் வந்தது. இரும்புக் காலம். ஸார் சொன்ன அதே காலம். அவர் தீதியின் மேசைக்கே வந்து, "ஏம்மா, ஜோசியம் பலிக்கலையா? போகட்டும், ரிடையர் ஆகும்போதாவது உண்மை தெரிஞ்சுதே" என்று இனிப்பு நீட்டினார். தீதி அதை வாங்கித் தின்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் குப்பி தாவரவியல் துறைக்குப் போனது. இரண்டு துண்டையும் பார்த்துவிட்டு அங்கிருந்த அம்மா போனில் கேட்டார்: "பாங்குராவுல எந்தக் காலத்துல தென்னந்தோப்பு இருந்துச்சு? ரெண்டுமே கொட்டாங்கச்சி."

தீதி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோலத்தின் மேல் கிடந்தது அடுப்புக்கரி இல்லை, ஆடியபோது தெறித்த தூபக்கரி. தட்டு கொட்டவே இல்லை. அந்தச் சூடான இரண்டு சொட்டை ஊற்றியது நாங்களேதான்.

வீட்டுக்குப் போய், பெஹாலாவில்தான் வீடு, மனைவியிடம் சொன்னேன். "அட பாவமே. நீங்கல்லாம் அக்கறை இல்லாத ஜென்மங்களா இருந்திருந்தா அதைப் பெருக்கித் தள்ளிருப்பாங்க, காரியம் நல்லபடியா முடிஞ்சிருக்கும்" என்றாள்.

திரும்பத் தோண்டலாம் என்று குளிர் தொடங்கியதும் போனோம். அடுப்பு இருந்த இடத்தில் குளம் வெட்டியிருந்தார்கள். தண்ணீர் நிறைந்து, வாத்து நீந்திக்கொண்டிருந்தது. கரையில் கொட்டிய மண்ணைத் தீதி குச்சியால் கிளறிப் பார்த்தார். "மீன் விட்டிருக்காங்களா?" என்று அங்கிருந்தவரை விசாரித்தார். அவ்வளவுதான், ஜீப்பில் ஏறிவிட்டார்.

அறிக்கையை நான்தான் டைப் அடித்தேன். காலம் தெரியவில்லை, சோதனைக்கு அனுப்பிய கரி என் கவனக்குறைவால் கெட்டது, அந்த முடிவை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தீதி சொல்லச் சொல்ல அடித்தேன். இடையில் நிறுத்தினேன்.

"கவனக்குறைவா தீதி? நாம தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினோமே."

"அதுக்கு ரிப்போர்ட்ல வார்த்தை கிடையாது தாதா. அடிங்க."

ஸார் படித்துவிட்டு, "தனக்குப் பிடிக்காத விடை வந்தா சாட்சியையே கெட்டதுன்னு சொல்லிடறது" என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்தார். கொட்டாங்கச்சியைப் பற்றி நான் எடுத்துச் சொன்னேன். "ரெண்டு துண்டு கொட்டாங்கச்சின்னா மீதியும் அதுவா?" என்றார். எவ்வளவு கலந்தது என்று யாருக்குத் தெரியும்? எல்லாம்தான் எரிந்துவிட்டதே.

தீதி இப்போது நியூ டவுனில் மகளோடு இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். பன்னிரண்டாவது மாடி. பால்கனியில் டீ குடித்தோம். ஸார் பேச்சு வந்தது. நான் வழக்கம்போல அவரைத் திட்ட ஆரம்பித்தேன். தீதி கையைக் காட்டித் தடுத்தார்.

"அவர் சொன்னது தப்புன்னு உறுதியாத் தெரிஞ்சிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன் தாதா. ஒருவேளை அவர் சொன்னதே சரியா இருக்கலாம். அதுகூட எனக்கு இனிமே தெரியாது" என்றார்.