ஏழு கிராம் குறைச்சல்

என் அக்கா புருஷனுக்கு அவர் வேலை பார்க்கிற கிளப்பில் வைத்த பெயர் 'கிராம்'. எதைக் கையில் கொடுத்தாலும் எடை சொல்லிவிடுவார். சோப்புக் கட்டி, சாவிக்கொத்து, ஒற்றைச் செருப்பு, எதுவானாலும். என் மூத்த மகள் பிறந்தபோது நர்ஸ் மெஷினில் போட்டுப் பார்த்து மூன்று கிலோ என்றார். மாமா குழந்தையை வாங்கி, கண்ணை மூடி, கையை இரண்டு தரம் மேலும் கீழும் அசைத்துவிட்டு, "ரெண்டே முக்கால்தாம்மா இருக்கும்" என்றார். நர்ஸ் முறைத்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மறுநாள் காலையில் அந்த மெஷினை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அந்த வார்டில் மூன்று பேர் தங்கள் குழந்தையை மாமாவிடம் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

மாமா பில்லியர்ட்ஸ் மார்க்கர். ஒரே ஒரு டேபிள் உள்ள கிளப். பச்சைத் துணியை பிரஷ்ஷால் நீவிவிடுவது, கியூ என்கிற ஆட்டக் கோலின் நுனியில் தோல் ஒட்டுவது, ஆட்டத்தின்போது பாயிண்டைச் சத்தமாகச் சொல்லி போர்டில் ஏற்றுவது, ஆட்டம் முடிந்ததும் பந்துகளைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைப்பது. பத்தொன்பது வருடமாகத் தற்காலிக வேலை. கிளப்புக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்று கொடுத்திருந்தார்கள். மாமா மார்க்கராக இருக்கும் வரை அக்கா அந்த வீட்டில் குடித்தனம் பண்ணலாம். மார்க்கர் இல்லையென்றால் மறுநாளே காலி.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இருப்பது மூன்றே பந்து. சிவப்பு பொது. வெள்ளை இரண்டு, ஆளுக்கு ஒன்று. அடையாளத்துக்காக ஒரு வெள்ளையில் கறுப்புப் புள்ளி பதித்திருக்கும். அவரவர் வெள்ளையை அவரவர் கியூவால் அடித்து மற்ற இரண்டையும் மோதவைக்க வேண்டும். மோதிவிட்டுப் பின்னால் திரும்பி வரும்படி அடிப்பது பெரிய வித்தை. இதற்காகப் படித்த ஆண்கள் சாயங்காலம் முழுக்க முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி வருவார்கள்.

அந்த வித்தையில் மன்னர் கிளப் செயலாளர். சுவரில் இருக்கும் சாம்பியன் பலகையில் பதினோரு வருடமாக அவர் பெயர்தான். பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவரே வேண்டிய அளவு எழுதிவைத்திருக்கிறார். எப்போதும் புள்ளிப் பந்தைத்தான் எடுப்பார். "சுத்தமான வெள்ளையை நீங்க வெச்சுக்குங்க, எனக்கு இந்தக் கறை படிஞ்சது போதும்" என்று எதிராளியிடம் பெருந்தன்மையாகச் சொல்வார். பிறகு அடிப்பார். புள்ளிப் பந்து போய் மோதிவிட்டு, கூப்பிட்ட பிள்ளை மாதிரி அவரிடமே திரும்பி வரும். "எல்லாம் இந்த மணிக்கட்டு" என்று கையைத் தூக்கிக் காட்டுவார்.

மணிக்கட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் மாமா புள்ளிப் பந்தைக் கழுவும்போது சிமெண்ட் தரையில் போட்டுவிட்டார். ஒரு ஓரம் சொட்டையாகிவிட்டது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில், கிளப்புக்கு வெள்ளையடிக்க ஒரு வாரம் மூடியிருந்த சமயம், வீட்டில் உட்கார்ந்து தேய்த்தார். பந்தைவிடக் கொஞ்சம் வாய் சிறிய இரும்புக் குழாய்த் துண்டில் உப்புத்தாளை ஒட்டி, அதன் வாயில் பந்தை வைத்து, எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பித் தேய்த்தால் உருண்டை மாறாமல் சிறுத்துக்கொண்டே வரும். சொட்டை போயிற்று. புள்ளி உள்ளே வரை பதிந்தது என்பதால் அது போகவில்லை. கூடவே வேறு ஏதோ போய்விட்டது என்று மாமாவின் கைக்குத் தெரிந்துவிட்டது.

நான் அப்போது தபால் ஆபீசில் பார்சல் கவுண்ட்டரில் இருந்தேன். மாமா கைக்குட்டையில் இரண்டு வெள்ளைப் பந்தையும் முடிந்துகொண்டு வந்து வரிசையில் நின்றார். என் தராசில் வெறும் வெள்ளை நூற்று நாற்பத்தொன்று. புள்ளி நூற்று முப்பத்துநான்கு.

"ஏழு" என்றார் மாமா. "நானும் ஏழுன்னுதான் நெனச்சேன்."

"வித்தியாசம் கண்ணுக்குத் தெரியலையே?" என்றேன்.

"கண்ணுக்குத் தெரியாது. டேபிளுக்குத் தெரியும். லேசான பந்து கனமானதுல மோதினா தானா திரும்பி வரும்."

பின்னால் நின்றவர் பார்சலை வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்ததால் பேச்சை அதோடு விட்டோம். அதே மாதம்தான் பளபளவென்றிருந்த புள்ளிப் பந்தைச் செயலாளர் ஆசையாக எடுத்தார். அதுவரை சோப்ளாங்கியாக இருந்த மனிதர் சாம்பியன் ஆனார். ஜெயித்துப் பழகியவர்கிட்ட இனிமேல் போய் என்ன சொல்வது என்று மாமா வாயை மூடிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பதினோரு வருடம் மறைந்தது.

பிறகு எல்லா கிளப்புகளும் சேர்ந்து நடத்தும் போட்டியை எங்கள் கிளப்பில் வைப்பது என்று முடிவானது. நடுவர் வந்து பந்துகளை எடை போடுவார், ஒன்றுக்கொன்று அரை கிராமுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்று கிளப்புக்குத் தபால் கார்டு வந்தது. என் கவுண்ட்டர் வழியாகத்தான் வந்தது. எடுத்துக்கொண்டு மாமாவிடம் ஓடினேன்.

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? உண்மையைச் சொன்னால் பலகையில் இருக்கும் பதினோரு வருடமும் சிரிப்பாகிவிடும், செயலாளர் மாமாவை வெளியே தள்ளுவார். புதுப் புள்ளிப் பந்து வாங்கிப் போட்டால் முதல் அடியிலேயே கண்டுபிடித்து வெளியே தள்ளுவார். எப்படிப் பார்த்தாலும் அக்கா பாத்திரம் பண்டத்தோடு தெருவில் நிற்க வேண்டும். நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மாமா குழாய்த் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்.

"புள்ளிய ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார். "மத்த ரெண்டையும் அது எடைக்குக் கொண்டுவந்துடலாம்."

குறையுள்ள ஒன்றைச் சரிசெய்வதற்குப் பதில் சரியாக இருக்கும் இரண்டைக் குறைப்பது. எனக்கு இந்த யோசனை வந்திருந்தால் நான் தபால் துறையில் பெரிய அதிகாரியாகி இருப்பேன். போட்டிக்காக டேபிளை மூடிவைத்திருந்த பத்து நாளும் மாமா தேய்த்தார். அக்காவின் சமையலறையில் முதலில் வெள்ளைப் பொடி, பிறகு சிவப்புப் பொடி. "டம்ளர்ல எல்லாம் இதுதான் ஒட்டியிருக்கு. நாம தின்ன பந்தையும் சேர்த்து எடை போடச் சொல்லு உங்க மாமாவ" என்று அக்கா என்னிடம் பாய்ந்தாள்.

நடுவர் வந்தார். அவர் கொண்டுவந்தது இரண்டு தட்டுத் தராசு. பந்துக்கு எதிரே பந்தை வைத்தார். முள் அசையவில்லை. மாற்றி மாற்றி வைத்தும் அசையவில்லை. "இவ்வளவு சமமான செட்டை நான் பார்த்ததே இல்லை. மார்க்கர் யாருங்க?" என்று கேட்டு மாமாவின் கையைக் குலுக்கினார். செயலாளர் தன் கையைக் குலுக்கின மாதிரி சிரித்தார்.

முதல் சுற்றில் அவருக்கு எதிராக வந்தவர் ஒரு பல் டாக்டர். செயலாளர் வழக்கம்போல் கறை படிந்ததை எடுத்துக்கொண்டு, மணிக்கட்டை உதறிவிட்டு அடித்தார். புள்ளிப் பந்து போய் மோதிவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி அடித்தார். மறுபடி நின்றது. அதைவிடக் கனமானது இப்போது டேபிளில் எதுவும் இல்லை. அது எதில் முட்டித் திரும்பும்? பல் டாக்டர் அலட்டாமல் ஆடி, பாதிக்குப் பாதி பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தார். மாமா ஒவ்வொரு பாயிண்டையும் சொல்லிப் போர்டில் ஏற்றினார்.

செயலாளர் கியூவைக் கீழே வைத்தார். "இது என் பந்தே இல்லை. யாரோ மாத்திட்டாங்க. பதினோரு வருஷமா இதோட வாழ்றேன், எனக்குத் தெரியாதா?" என்றார். மூன்று பந்துகளில் மாறாமல் இருந்தது அது ஒன்றுதான். நடுவர் மறுபடி எடை போட்டார். முள் அசையவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். செயலாளர் மாமாவைப் பார்த்தார்.

மறுநாள் மாமாவை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். "பந்து தவறுதலா மாறிப் போச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. நோட்டீஸ் போர்டுல போட்டுக்கறேன். உன் வேலைய நிரந்தரமாக்கற பேப்பர் இந்த டிராயர்லதான் இருக்கு. வீட்டக் காலி பண்ணச் சொல்ற பேப்பரும் இதே டிராயர்லதான் இருக்கு. எதை எடுக்கட்டும்?"

மாமா வீட்டுக்கு வந்து வெள்ளைத் தாளை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேனா ஓடவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அக்கா பொரிந்தாள். "பதினோரு வருஷம் அந்த ஆள ஜெயிக்க வெச்சீங்க. ஒரு நாள் தோத்ததுக்கு நீங்க மன்னிப்புக் கேக்கணுமா?"

"அவர் கேக்கறது பெரிய விஷயமில்ல. மத்த ரெண்டும் மாறினதுன்னு எழுதச் சொன்னாக்கூட எழுதிடுவேன். மாறாத ஒண்ண மாறிடுச்சுன்னு எழுதணும். அந்த எடை எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எப்படி எழுதறது?"

அக்கா மாமாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "எழுதிக் குடுத்துடுங்க. இந்த வயசுல வேற எங்க போறது?" என்றாள். நான் வாசகத்தைச் சொல்லச் சொல்ல மாமா எழுதினார். கவுண்ட்டரில் எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு மாதிரி எனக்கு வெட்கமாக இருந்ததில்லை.

நோட்டீஸ் போர்டில் தாள் ஏறியது. 'காணாமல் போன' பந்தைத் தேடிக் கண்டுபிடிக்கும்படி செயலாளர் உத்தரவு போட்டார். மாமா அதே புள்ளிப் பந்தை மூன்று நாள் வீட்டு அலமாரியில் துணிக்கடியில் வைத்திருந்து, நான்காம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தார். செயலாளர் அதைக் கையில் உருட்டிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "இதுதான்யா! தராசே வேண்டாம், என் கைக்குத் தெரியாதா?" என்றார். மற்ற இரண்டும் தேய்ந்துவிட்டன என்று மாமா சொல்ல, முழு எடையில் புது வெள்ளையும் சிவப்பும் வந்தன. புள்ளிப் பந்து மறுபடி திரும்பி வர ஆரம்பித்தது. பலகையில் பன்னிரண்டாவது தடவையாக அதே பெயர் ஏறியது. மாமாவின் வேலையும் நிரந்தரமாயிற்று.

அடுத்த வருடம் எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. அதே ஆஸ்பத்திரி. போன தடவை இருந்த நர்ஸே இருந்தார். மாமாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, சிரித்துக்கொண்டே குழந்தையை அவர் கையில் கொடுத்தார். "இந்தத் தடவ மெஷின் மூணு இருநூறுங்குது. நீங்க என்ன சொல்றீங்க?"

பழக்கத்தில் கை ஒரு தரம் மேலே போய்க் கீழே வந்தது. அதோடு நின்றுவிட்டது. மாமா குழந்தையை அக்காவிடம் நீட்டினார்.

"மெஷின் என்ன சொல்லுதோ அதையே எழுதிக்குங்கம்மா" என்றார்.