சீமாட்டியும் சொட்டை முதுகுகளும்

வருகிறவள் எப்படிப்பட்டவள் என்று கல்யாணத்தன்றே மாப்பிள்ளை இலாரியோ தெரிந்துகொண்டிருக்க வேண்டும். மணப்பெண் கணவாயைத் தாண்டி நடந்து வந்தாள். முதுகுச் சால்வைக்குள் துணிமணி இல்லை, கினிப்பன்றிகள் இருந்தன. குஸ்கோ நகரத்துக்கு மேலே மலையில், உருளைக்கிழங்கும் பார்லியும் மட்டும் விளையும் அந்த ஊரில் யாரும் அவற்றைக் கினிப்பன்றி என்று சொல்வதில்லை. அவை போடும் சத்தத்தை வைத்துக் குய் என்பார்கள்.

"எங்க அடுப்படியிலதான் குய் இருக்கே, உன்னோடது எதுக்கு?" என்று மாமியார் கேட்டாள்.

"உங்களோடது உங்களுக்கு, என்னோடது எனக்கு" என்று சொல்லிச் சால்வையை அவிழ்த்துவிட்டாள் பாசிலியா சாம்பி.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நிலம் மாமனாருடையது, மாடு மைத்துனருடையது. பிறகு தனி அடுப்பு வைத்தபோதும் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தக் கூட்டம் மட்டும்தான் இருந்தது. விருந்துக்கு எதை அறுப்பது, எதை விடுவது என்று அவள்தான் சொல்வாள். இலாரியோ தட்டோடு காத்திருப்பான்.

மகள் லுஸ்மிலாவுக்கு முதல் முடி வெட்டும் விருந்து வந்தது. பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடியில் முதல் கற்றையை ஞானத்தாய்தான் வெட்ட வேண்டும். வெட்டியவள் சும்மா போகக் கூடாது. ஞானத்தாய் நெமேசியா கற்றையைத் தட்டில் வைத்துவிட்டு, தன் வீட்டுக் குய்களிலேயே அழகான ஒரு சினைப் பெட்டையைக் குழந்தையின் மடியில் வைத்தாள். வெள்ளையும் இலவங்கப்பட்டை நிறமும் கலந்த உடம்பு, பளபளவென்று முடி. நடையைப் பார்த்துவிட்டு இலாரியோ அதற்குச் சீமாட்டி என்று பெயர் வைத்தான்.

விருந்து முடிந்து கொஞ்ச நாளில் பாசிலியாவின் குய்களுக்கு முதுகில் சொட்டை விழ ஆரம்பித்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? தேய்பிறையில் முடி வெட்டினார்கள், அதுதான் என்றார்கள் சிலர். நெமேசியாவின் கை சரியில்லை என்றார்கள் சிலர். அது நெமேசியாவின் காதுக்கும் போயிற்று. அவள் பெண்கள் சங்கத் தலைவி. "கையுமில்ல, பிறையுமில்ல. அது சொறி" என்று தண்ணீர்க் குழாயடியில் வைத்து எல்லார் முன்பும் சொல்லிவிட்டாள். பெட்டைகளோடு சேர்க்கச் சங்கத்தின் ஆண் குய் வீடு வீடாகப் போகிறது. அதனால் சொறி கண்ட வீட்டில் ஒன்றுவிடாமல் கொன்று எரிக்க வேண்டும் என்று சங்கத்தில் ஒரு விதி. அதற்குக் கை தூக்கியவர்களில் பாசிலியாவும் ஒருத்தி.

பாசிலியா ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பொருக்கு இல்லை, புண் இல்லை. ஒன்றும் சொறிந்துகொள்ளவில்லை. முடி மட்டும் கத்தரித்ததுபோலக் குட்டையாக நின்றது. கூட்டத்தில் ஒரு முடிகூடக் குறையாதது சீமாட்டி ஒன்றுதான்.

கிழங்கு உரித்தபடியே அதன்மேல் கண் வைத்திருந்தாள். தின்னப் போட்ட குதிரைமசால் முழுவதையும் முடித்துவிட்டு, அது பக்கத்தில் கிடந்த சின்னப் பெட்டையை ஒட்டி உட்கார்ந்து, புல் மேய்வதுபோல அதன் முதுகு முடியைக் கடித்து மென்றது. சின்னது பயத்தில் அசையாமல் கிடந்தது.

"கடிக்கிறது உன் சீமாட்டிதான்" என்றாள் பாசிலியா.

இலாரியோ கதவைச் சாத்தினான். "மெதுவா பேசு! ஞானத்தாய் குடுத்ததைக் குத்தம் சொன்னா ஊர்ல தலை காட்ட முடியுமா?"

"நீ காட்ட வேணாம். நான் காட்டிக்கிறேன்."

அன்றே சீமாட்டிக்கு மண் செங்கல்லால் தனி மூலை தடுத்தாள். மற்றவை ஓயாமல் மென்றுகொண்டே இருக்கட்டும் என்று பார்லி வைக்கோல் அள்ளிப் போட்டாள். ஒன்றையொன்று விரட்டினால் ஓடி ஒளிய, உடைந்த பானைகளைக் கவிழ்த்து வைத்தாள்.

வைக்கோல் தீர்ந்துபோன நாளில் சங்கம் வந்தது. முன்னால் நெமேசியா, கையில் சாக்கு. பின்னால் பெண்கள், ஒருத்தியிடம் மண்ணெண்ணெய். பாசிலியா அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"வழி விடுங்க கோமாத்ரே. நீங்களும் கை தூக்கின விதிதான்" என்றாள் நெமேசியா. பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் கோமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சொறிக்குத்தான் கை தூக்கினேன் கோமாத்ரே. இது சொறி இல்ல. நீங்க குடுத்தது மத்ததோட முடியைத் திங்குது."

பின்னாலிருந்து ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். நெமேசியாவின் முகம் சிவந்தது. "என் கையால குடுத்ததையா சொல்ற? திங்கக் குடுத்திருந்தா அது ஏன் முடியைத் திங்குது?"

"உங்க வீட்டுலயும் தின்னுச்சான்னு உங்களுக்குத்தான் தெரியும். உள்ள வாங்க, தூக்கிப் பாருங்க."

ஒருவரும் வரவில்லை. சொறி கையில் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்.

பாசிலியா குனிந்து, இருப்பதிலேயே மோசமான சொட்டையை எடுத்தாள். அதன் வழுக்கை முதுகைத் தன் கன்னத்தில் தேய்த்தாள், கழுத்தில் தேய்த்தாள். பிறகு அதை ரவிக்கைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டாள். அது உள்ளேயிருந்து குய் குய் என்று கத்தியது.

"சொறின்னா முதல்ல எனக்கு வரட்டும். வந்தா நானே தீ வைக்கிறேன். அதுவரைக்கும் என் அடுப்படியில எவ கையும் படக் கூடாது."

மண்ணெண்ணெய்க்காரி புட்டியை மற்றொரு கைக்கு மாற்றினாள். நெமேசியா குரலைத் தணித்தாள். "சரி. பழி அது மேலன்னா அதை மட்டும் குடு. இங்கயே கழுத்தைத் திருகிடறேன். பேச்சு முடிஞ்சுது."

வேலிப் பக்கம் நின்ற இலாரியோ கண்ணாலேயே கெஞ்சினான்.

"மாட்டேன். அது லுஸ்மிலாவோடது. அவ முடிக்கு வந்தது. தனியா இருக்கும், குட்டி போடும். குட்டி பால் மறந்ததும் பிரிச்சிடுவேன், ஆத்தாகிட்ட கத்துக்க விடமாட்டேன்."

"கடிக்கிறதையும் குடுக்க மாட்ட, கடிபட்டதையும் குடுக்க மாட்ட! சங்கத்து ஆண் இனி உன் வாசல்ல கால் வைக்காது, தெரிஞ்சுக்க."

"என் கூட்டத்துல ஆண் இருக்கு. வேணும்னா சங்கத்துக்கு நான் தரேன்."

நெமேசியா திரும்பி நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகப் பின்னால் போனார்கள்.

"கோமாத்ரே!" என்று கூப்பிட்டாள் பாசிலியா. நெமேசியா நின்றாள்.

"அந்தச் சாக்கை விட்டுட்டுப் போங்க. பார்லிக் களத்துல வைக்கோல் அள்ளணும்."

நெமேசியா சாக்கைத் தரையில் வீசிவிட்டுப் போனாள். பாசிலியா அதை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். ரவிக்கைக்குள் குய் நெளிய நெளிய, களத்தை நோக்கி நடந்தாள்.