சில்வெஸ்டரின் சுவிட்ச் போர்டு

காக்ஸ் டவுனில் என் எதிர்வீட்டுக்காரர் சில்வெஸ்டர். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். எது கெட்டுப்போனாலும் அவரிடம் ஒரே வைத்தியம்தான்: தனியாக ஒரு வயர் இழுத்து, தனியாக ஒரு சுவிட்ச் போட்டுவிடுவார். என் வீட்டு ஹாலில் பத்து சுவிட்ச் இருக்கிறது, எரிவது மூன்று விளக்கு. மீதி ஏழும் எதற்கென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இருபது வருடமாக டீச்சர் வேலை பார்த்தும் இதைக் கேள்வி கேட்காமல் விட்டது என் தப்புதான்.

வீட்டோடு நிறுத்தியிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். தன்னுடைய பழைய பிக்கப் வண்டிக்கும் மனிதர் அதே வைத்தியத்தைப் பார்த்தார்.

அந்த வண்டியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. பாடி கண்ட்ரோல் மாடியூல் என்பார்கள். விளக்கு, வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு எல்லாம் அதன் பேச்சைக் கேட்டுத்தான் வேலை செய்யும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பெருமழையில் அதற்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து வைப்பரைத் தட்டினால் விளக்கு எரியும், விளக்கைப் போட்டால் கதவு பூட்டிக்கொள்ளும். வேறு யாராக இருந்தாலும் பெட்டியை மாற்றியிருப்பார்கள். சில்வெஸ்டர் டாஷ்போர்டில் ஒரு வெள்ளை சுவிட்ச் போர்டைத் திருகி வைத்தார். ஹாரனுக்கு வாசலில் வைக்கிற காலிங் பெல் பட்டன். இண்டிகேட்டருக்கு வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. அவை தானாக மின்னாது. வண்டி திரும்பி முடிகிற வரைக்கும் அவரே இடது கையால் ஆன், ஆஃப், ஆன், ஆஃப் என்று தட்டிக்கொண்டே போவார். பின்னால் வருகிறவனுக்கு வித்தியாசமே தெரியாது என்பதில் அவருக்கு அத்தனை பெருமை.

இதனால் அந்த வண்டியை அவரைத் தவிர யாராலும் ஓட்ட முடியாமல் போனது. அவர் மனைவி டோரதி லைசென்ஸ் எடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. சாவி கேட்கும்போதெல்லாம் முதலில் கிளட்ச் கஷ்டம் என்றார். பிறகு போர்டு தெரியாது என்றார். டோரதி கேட்பதையே விட்டுவிட்டாள்.

எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் மாதா சுரூபத்தை வைத்துப் பவனி வருவது அந்தப் பிக்கப்பில்தான். பதினொரு வருடமாக ஓட்டுகிறவர் சில்வெஸ்டர். வேறு எந்தப் பட்டமும் பதவியும் இல்லாத மனிதருக்கு வருடத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் பெரிது. புதுச் சட்டை, தலையில் எண்ணெய், மூஞ்சியில் ஒரு கலெக்டர் களை.

போன வருடம் பாதி பவனியில் காலிங் பெல் பட்டன் சிக்கிக்கொண்டது. தெரு முழுக்க ஹாரன் அலற, பாடகர் குழுவில் இருந்த நாங்கள் தொண்டை கிழியப் பாடியும் எடுபடவில்லை. இந்த வருடம் விழாக் குழு தீர்மானமாகச் சொல்லிவிட்டது: வண்டியை ஒழுங்காகச் சரிசெய்தால் சரி, இல்லாவிட்டால் வாடகை லாரி. சில்வெஸ்டர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று டோரதி சொன்னாள். நான் முதலில் சிரித்தேன். அப்புறம் பாவமாகத்தான் இருந்தது.

ஃப்ரேசர் டவுனில் வண்டி எலக்ட்ரிக் வேலை செய்கிற ஃபாத்திமாவிடம் போனார். அந்தப் பெண் லேப்டாப்பை வண்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு, புதுப் பெட்டிதான் போட வேண்டும் என்றாள். பெட்டியைச் செருகினால் மட்டும் போதாதாம். இது எந்த வண்டி, எது சாவி என்று லேப்டாப் வழியாக அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். அதற்கு முன்னால் அவர் இழுத்த வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வரச் சொன்னாள்.

கழற்றினார். ஒன்றைத் தவிர. புதுப் பெட்டியும் பவனி நேரத்தில் கைவிட்டுவிட்டால் மாதா இருட்டில் போகக் கூடாதே என்று, ஹெட்லைட்டுக்கு இழுத்த வயரை மட்டும் சுவிட்சோடு சீட்டுக்கு அடியில் சுருட்டி ஒளித்து வைத்தார். ஃபாத்திமா புதுப் பெட்டியை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போன சமயம், ஒளித்த வயர் இன்னும் வேலை செய்கிறதா என்று அதன் சுவிட்சை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். கருகல் வாசனை வந்தது.

"அண்ணே, இது வீடு இல்ல. பொட்டிக்குப் பின்பக்கமா கரண்ட் ஏத்துனா அது செத்துடும். இனிமே இதுல கை வைக்கிறது நக்கோ, வேணாம்" என்று ஃபாத்திமா சொன்னாளாம்.

என்னிடம் வந்து முறையிட்டார். "மாதா மேல நம்பிக்க இருக்குது டீச்சர். ஆனா ஒரு ஸ்பேர் வேணாமா?"

என்னிடமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை திருவிழா. இரண்டாவது பெட்டி வியாழக்கிழமை வந்தது. ஃபாத்திமா சீட்டையே தூக்கிப் போட்டுத் தேடி, ஒளித்த வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் அதை மாட்டினாள். எல்லாம் சொன்னபடி கேட்டது. சில்வெஸ்டர் நிமிர்ந்து நடந்தார்.

சனிக்கிழமை ஒத்திகை. விழாக் குழு, பாடகர் குழு, பங்குச் சாமியார், வண்டிக்குள் அவர் பக்கத்தில் டோரதி. கோயில் வாசலில் வாழைமரம் கட்டி வளைவு வைத்திருந்தார்கள். வண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஸ்டீயரிங்குக்கு அருகே இண்டிகேட்டர் கம்பி நல்லபடியாக இருக்கிறது. ஆனால் சில்வெஸ்டரின் இடது கை டாஷ்போர்டுக்குப் போய், இல்லாத சுவிட்சைத் தட்டியது. ஆன், ஆஃப், ஆன், ஆஃப். வெறும் பிளாஸ்டிக்கைத் தட்டிக்கொண்டே வாழைமரத்தில் மோதினார்.

மரத்தை நிமிர்த்திவிட்டு இன்னொரு தடவை. மறுபடியும் கை அங்கேதான் போனது. மூன்றாவது தடவை டோரதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நடு வாசலிலேயே நின்றுபோனது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

சில்வெஸ்டர் இறங்கி, சுற்றி வந்து, டோரதி பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"நீ ஓட்டு டோரதி. என் கை சொன்ன பேச்சு கேக்கல."

டோரதி புடவையைச் செருகிக்கொண்டு ஸ்டீயரிங் பக்கம் வந்து உட்கார்ந்தாள். ஒன்பது வருடக் காத்திருப்பு என்பதால் அவசரமே படவில்லை. கம்பியைத் தட்டினாள், விளக்கு தானாக மின்னியது, வண்டி வளைவைத் தொடாமல் திரும்பிப் போனது.

ஞாயிறு சாயங்காலம் பவனி கிளம்பியது. சில்வெஸ்டருக்கு எங்கே நடப்பதென்றே தெரியவில்லை. முதலில் டோரதியின் ஜன்னல் ஓரமாக நடந்து, செகண்ட் கியர் போடு, பிரேக்கில் கால் வை என்று பாடம் நடத்தினார். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு வண்டிக்கு முன்னால் பாடிக்கொண்டு போன எங்களோடு வந்து சேர்ந்துகொண்டார். நாலு அடி நடந்திருப்பார், சும்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டார்.

பூவும் விளக்குமாக மாதா அவரைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். கீழே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி டோரதி. அவளை அவ்வளவு அழகாக நானும் பார்த்ததில்லை.

"டீச்சர், பதினோரு வருஷமா மாதாவுக்கு முதுகக் காட்டிக்கினே வண்டி ஓட்டியிருக்கேன். முகத்த இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார்.

அவர் கண் நிறைந்திருந்தது, என் கண்ணும்தான்.

டோரதி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "வழி விடுங்க" என்றாள். "மாதா வராங்க."

சில்வெஸ்டர் ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்.