எடுத்துக்கொள்ளலாம், பூட்டக்கூடாது

வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். எனக்குச் சோறு போட்டது தமிழ் டைப்பிங். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் வில்லாபுரத்தில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கடை எழுத்துருவில் அடித்த தமிழை இன்னொரு கடைக் கம்ப்யூட்டரில் திறந்தால் கந்தரகோளமாகத் தெரியும். மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சதுரங்களும் கேள்விக்குறிகளும் நிற்கும். முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு எழுத்துருவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் சின்ன மென்பொருளை நானே எழுதினேன்.

விற்கும் எண்ணமே இல்லை. என்னைப்போல அடித்ததையே அடித்து விரல் தேய்கிறவர்கள் எல்லோருக்கும் அது போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். யாரும் திறந்து பார்த்துத் திருத்தும்படி, நான் எழுதிய மூல நிரலையும் சேர்த்தே சிடியில் போட்டுக் கொடுத்தேன். உரிமம் என்று ஏதாவது எழுத வேண்டுமே. எனக்குக் கைவந்த நடை ஒன்றுதான். "சுற்றமும் நட்பும் வருக. இதை எடுத்துச் செல்க. யாரும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்க." நல்லவேளை, முகூர்த்த நேரம் போடவில்லை.

சமயநல்லூரில் சின்ன அச்சகம் வைத்திருந்த தோழி ஒருநாள் போன் செய்தாள். "ஏடி, ஒன் சாஃப்ட்வேரு காசு கட்டுனாத்தான் தெறக்குமாம்ல. எப்படி வித்த?"

டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஒருவர் அதற்கு வேறு பெயர் வைத்து, மூல நிரலை எடுத்துவிட்டு, கடவுச்சொல் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஆத்திரத்தோடு போனேன். அவர் அசரவே இல்லை. என் சிடியைத் திறந்து நான் எழுதியதையே காட்டினார்.

"என்ன வேணும்னாலும் செய்யலாம்னு நீதான தங்கச்சி எழுதிருக்க. நான் பூட்டுனேன். இதுல என்ன தப்பு?"

திரும்பும்போது பஸ்ஸில் அழுகை வந்தது. அவர் சொன்னது சரி என்பதில்தான் அத்தனை எரிச்சல்.

அதன்பின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, மற்றவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடினேன். ஓர் உரிமம் எனக்கென்றே எழுதியதுபோல் இருந்தது. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் இன்னொருவர் கைக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் இதே உரிமைகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வக்கீல் இங்கிலீஷ். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிடிவாதமாக முழுவதையும் படித்தேன். கொடுத்த பழையதைத் திரும்பக் கேட்க முடியாது. இனி எழுதப்போவது என் கையில்.

பழையதில் ஒரு கோளாறு இருந்தது: சில எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். அதைச் சரிசெய்து, முழுதாகத் திருத்தி எழுதினேன். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் என் பெயர், வருடம், உரிமத்தின் பெயர். உரிமத்தின் இங்கிலீஷ் வாசகத்தை ஒரு சொல்கூட மாற்றாமல் சேர்த்தேன். செல்லுபடியாவது அதுதான் என்று சொல்லிவிட்டு, கூடவே தமிழில் விளக்கம் வைத்தேன்.

தோழி பார்த்துவிட்டு, "இம்புட்டு நீளமா? ஒரு பய படிக்க மாட்டான்டி" என்றாள்.

"எல்லாரும் படிக்க வேணாம். பூட்டப் போறவன் படிச்சாப் போதும்."

படிக்க வேண்டிய அந்த டவுன் கடைக்காரர் தானாகவே எங்கள் அச்சகத்துக்கு வந்தார். அவரிடம் வாங்கியவர்கள் அடித்த பத்திரிகைகளில் கொம்பு இடம் மாறி, பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சண்டைக்கு வந்துவிட்டார்களாம். அவருக்கு அதைச் சரிசெய்யத் தெரியவில்லை. புதியது வேண்டும் என்றார். வெறுங்கையோடு அனுப்ப ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் 'இவரைத் தவிர மற்றவர்களுக்கு' என்று நான் தேர்ந்தெடுத்த உரிமத்தில் ஒரு வரிகூட இல்லை. சிடியை நீட்டினேன்.

"எடுத்துக்கங்கண்ணே. விக்கவும் செய்யலாம். பூட்ட மட்டும் முடியாது. படிச்சுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு, தமிழ் விளக்கத்தைக் கடைசி வரி வரை படித்தார். "நான் இதுல எதாச்சும் புதுசாச் சேத்து வித்தா?"

"அதையும் தெறந்துதான் குடுக்கணும்."

"வெவரமாயிட்ட தங்கச்சி" என்று சிடியைப் பையில் போட்டுக்கொண்டார். போனவர் என்ன செய்வாரோ என்று பயமாகவே இருந்தது.

கொஞ்ச நாளில் தோழி அவர் கடையிலிருந்தே ஒரு சிடி வாங்கிவந்து காட்டினாள். கடவுச்சொல் இல்லை. மூல நிரல் முழுவதும் இருந்தது. நான் எழுதாத ஒரு கோப்பும் இருந்தது. இன்னோர் எழுத்துருவையும் மாற்றித் தருவதற்கான எழுத்து அட்டவணை. திறந்து பார்த்தேன். தலையில் அவர் பெயர், வருடம், அதற்குக் கீழே அதே உரிமம்.