வானத்தில் கரைந்த கோபுரம்

“அறுபது வீடுன்னா அது ஊரு இல்லயாலே?”

கிளைட்டன் அண்ணாச்சி இதைக் காலையில் ஒரு முறை, டீக்கடையில் இரு முறை, கோயில் மணி அடித்ததும் ஒரு முறை சொல்வார். பாதி மூக்கிலும் பாதி தொண்டையிலும் வரும் அந்தக் குரலில் எங்கள் செபத்தியார்துறையின் சின்னப்பிள்ளைகளும் பேசிக் காட்டும். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே, அவருக்கு ரகசியம் பேச வராது.

கடற்கரை ஊர்களின் வரலாற்றைப் புத்தகமாக்க ஜெயபிரியா என்ற ஆய்வாளர் வருகிறார் என்றதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊர்ப் பெயர் அதில் ஏறியாக வேண்டும். எங்கள் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம் புதுசாகத் தெரியட்டும் என்று, மாதாவின் நிறமென்று சொல்லி, உச்சிவரை வான நீலம் அடிக்க வைத்தார்.

ஜெயபிரியா வந்ததும் கேட்டார். “கல்வெட்டு, பழைய ரெஜிஸ்டர் ஏதாவது இருக்கா சார்?”

“ரெஜிஸ்டர் புயல்ல போச்சு தாயி. ஊரு போகலல்லா?”

“ஆதாரம் இல்லாம தனியாப் போட முடியாது. பக்கத்து ஊரோட ஒரு வரி சேர்த்துடறேன்.”

பக்கத்து ஊரில் ஆயிரம் வீடு. அண்ணாச்சியின் குரல் முதல் தடவையாக இறங்கியது. “ஒரு வரியா…”

அப்போது அந்தப் பெரிய ஊரின் சங்கு குளிக்கும் நேசக்குமார், வள்ளத்திலிருந்து குதித்து ஈரத்தோடு ஓடி வந்தார்.

“அண்ணாச்சி, கோபுரத்தை என்ன செஞ்சீரு? மூணு நாளா பாரு தட்டுப்படல! வானமும் நீலம், கோபுரமும் நீலம். எங்க வள்ளம் பூரா தெக்கயும் வடக்கயும் அலையுது!”

ஜெயபிரியா விழித்தார். நேசக்குமார் விளக்கினார்: கடலிலிருந்து பார்த்தால் கோபுர உச்சியும் பின்னாலிருக்கும் மணல்மேடும் ஒரே கோட்டில் வரும் இடத்தில்தான், கடலடியில் சங்கு கிடக்கும் ‘பார்’ என்ற திட்டு இருக்கிறது.

“போன்ல மேப் போட்டுப் பார்க்கலாமே?”

“நனைஞ்ச கையில போனா மேடம்?”

“சரி, இப்படிப் பார்க்கிறது எப்போதிலிருந்து?”

“எங்க பூட்டன் முத்துக்குளிச்ச காலத்துலயே. அந்தப் பாருக்குப் பேரே செபத்தியார் பாருதான். ஏழு ஊருக்காரனும் அப்படித்தான் சொல்லுதான்.”

ஜெயபிரியா நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, ‘செபத்தியார்துறை’ என்று தலைப்பு எழுதினார்.

நேசக்குமார் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “இத்தனூண்டு ஊருக்கு முழுப் பக்கமா! இனி எங்களையெல்லாம் கண்டா தெரியுமா அண்ணாச்சி?”

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தெரியாம என்னலே? நாளைக்கே வெள்ளை அடிச்சித் தாரேன், தெகச்சி நிக்காத. ஆனா ஒண்ணு கேட்டுக்க: கடல்ல நின்னு திரும்பிப் பாத்தா எங்க ஊருதான் தெரியும், உங்க ஊரு எங்கன இருக்குன்னு கரைக்கு வந்துல்லா விசாரிக்கணும்!”